சோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நோயாளியின் நலம்

மருத்துவமனைகளின் ஆண்டறிக்கைகளில் எத்தனை பேர் சோதிக்கப்பட்டனர், எத்தனை பேருக்கு நோய் கண்டறியப்பட்டது, எத்தனை பேர் சிகிச்சை பெற்றனர் என்னும் கணக்குகள் இடம்பெறும். சோதனை நடந்த நாளுக்கும் அதன் முடிவு தெரிந்த நாளுக்கும் இடையே நோயாளி எவ்வாறு இருந்தார் என்பதற்கு அவற்றில் இடமில்லை. அந்நாட்களில் அவர் மருத்துவமனையின் பொறுப்பில் இருப்பதில்லை. வீட்டாருக்கோ என்ன செய்வதென்று தெரிவதில்லை. பெருங்குடலை உள்நோக்கிப் பார்க்கும் கொலனாஸ்கோப்பி சோதனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கொச்சி மாநகரின் மேற்குப் பகுதியிலுள்ள சுள்ளிக்கல்லில் வாழும் ஒருவர் அந்நாட்களை எவ்வாறு கடக்க நேரும், அவற்றுக்கு யார் பொறுப்பேற்கலாம் என்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

சுள்ளிக்கல், தோப்பும்படிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே அமைந்த, வீடுகள் நெருங்கிய பகுதி. 1967 நவம்பர் 1 அன்று எறணாகுளம், மட்டாஞ்சேரி, கொச்சிக் கோட்டை நகராட்சிகள் இணைக்கப்பட்டுக் கொச்சி மாநகராட்சி உருவானபோது மேற்குக் கொச்சி முழுவதும் அதற்குள் வந்தது. ஆயினும் உயர்நிலை மருத்துவ வசதிகள் பெரும்பாலும் காயலுக்கு அப்பால், கிழக்குக் கரையில் வளர்ந்தன. சுள்ளிக்கல்லுக்கு அண்மையில் கருவேலிப்படி அரசு மருத்துவமனை இருக்கிறது. வல்லுநர் சோதனை தேவைப்படும் பலர் தோப்பும்படிப் பாலத்தைக் கடந்து, வெலிங்டன் தீவின் வழியே எறணாகுளம் பொது மருத்துவமனைக்கோ, இன்னும் வடக்கே களமசேரியிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்கோ செல்கின்றனர். கொச்சிப் புற்றுநோய் ஆராய்ச்சி மையமும் களமசேரியில்தான் உள்ளது. தொலைவு கிலோமீட்டரில் பெரிதன்று. ஆனால் நாட்கூலி பெறும் சுமைத் தொழிலாளிக்கோ கடைச் சிப்பந்திக்கோ ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் ஊதியம். அவருடன் துணைக்கு வருபவர்க்கும் அதே இழப்பு. 'முடிவு வந்துவிட்டதா?' என்று கேட்டறிய மட்டும் இருமுறை பாலம் கடந்து திரும்பியவர், மூன்றாம் முறை போகத் தயங்குவதில் வியப்பில்லை.

வளைந்து செல்லக்கூடிய இழை ஒளிக் கருவி கொண்டு பெருங்குடல் முழுவதையும் பார்ப்பது 1960களின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. 1969இல் நியூயார்க்கில் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா என்னும் இரு மருத்துவர்கள் கம்பிச் சுருக்கு ஒன்றைக் கருவியின் வழியே செலுத்தி, வயிற்றைத் திறவாமலேயே பாலிப் எனப்படும் சதைத் திரட்சியை அகற்றினர். அதுவரை அறுவை மேசையில் மட்டுமே இயன்ற ஒரு செயல், காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் நோயாளிக்கும் எட்டியது. வீடு திரும்புவது பெரும் வசதி. சோதனைக்குப் பிந்திய கவலையும் அதனோடு வார்டிலிருந்து வீட்டுக்கு இடம் மாறியது.

இச்சோதனைக்கு இரண்டு முடிவுகள் உண்டு என்பதைப் பல நோயாளிகள் அறியார். மருத்துவர் தம் கண்ணால் கண்டது அன்றே எழுதித் தரப்படும். ஐயத்திற்குரிய இடத்தில் எடுக்கப்பட்ட சிறு திசுத் துணுக்கின் ஆய்வு முடிவு பின்னர் வரும். பயாப்சி எனப்படும் இவ்வாய்வு ஏன் உடனே முடிவதில்லை என்பதை விளக்க இரண்டு நிமிடம் போதும். துணுக்கு முதலில் பார்மலினில் ஊறித் திடப்பட வேண்டும். பிறகு அதிலுள்ள நீர் படிப்படியாக நீக்கப்பட்டு, பாரபின் மெழுகில் பதிக்கப்படும். அம்மெழுகுக் கட்டியை ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள சீவல்களாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் இட்டு, சாயமேற்றி, நோய்க்குறியியல் வல்லுநர் நுண்ணோக்கியில் பார்ப்பார். யாரும் தாமதிக்காவிட்டாலும் இதற்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகும். ஐயம் தீராதபோது வல்லுநர் மேலும் ஆழமான சீவல்களைக் கேட்பார். சிறப்புச் சாயங்களை நாடுவார். மற்றொரு வல்லுநரின் கருத்தையும் பெறுவார். வீட்டில் காத்திருப்பவரோ, 'பெரிய நோயாக இருப்பதால்தான் தாமதிக்கிறார்கள்' என்று முடிவுகட்டிவிடுகிறார். உண்மையில் அந்தத் தாமதத்திற்குப் பணி நெருக்கடியோ ஒரு விடுமுறை நாளோ காரணமாக இருக்கலாம்.

அவருடைய அச்சத்தின் பெயர் புற்றுநோய். உலகில் 2022இல் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதென மதிப்பிடப்பட்டுள்ளது. இந்தியாவின் பங்கு அதில் சுமார் 70 ஆயிரம். மக்கள்தொகையை நோக்க இது மேலை நாடுகளைவிடக் குறைந்த விகிதமே. கொலனாஸ்கோப்பிக்கு உட்படுவோரில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. மூலம், குடல் அழற்சி, தீங்கற்ற பாலிப், தொற்று என்று காரணங்கள் வேறாகவே இருக்கும். பாலிப் ஒன்று புற்றாக மாறுவதற்கும் பொதுவாகப் பத்தாண்டு அளவில் ஆகும் என்பது மருத்துவ நூல்களின் கருத்து. ஆதலின் ஆய்வறிக்கைக்காக ஒரு வாரம் காத்திருப்பதால் நோயின் போக்கு பொதுவாக மாறிவிடுவதில்லை. மாதக்கணக்கில் தாமதிப்பது வேறு, அது தீங்கு. இந்த வேறுபாட்டை நோயாளிக்கு யாரேனும் எடுத்துச் சொல்லியிருந்தால், அவருடைய இரவுகளில் சில தப்பியிருக்கும்.

இந்தியாவுக்கே உரிய இன்னொரு காத்திருப்பும் உண்டு. குடற் காசநோயும் குரோன் நோய் எனப்படும் நீடித்த குடல் அழற்சியும் கருவியின் வழியே பார்க்கையில் ஒன்றையொன்று ஒத்திருக்கும். நுண்ணோக்கியிலும் சில வேளைகளில் பிரித்தறிய இயலாது. காசக் கிருமியை வளர்ப்பு முறையில் காண்பதற்கு ஆறு வாரம் வரை ஆகலாம். அப்போதும் தெளிவு பிறக்காவிடில், காசநோய் மருந்தைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் உள்நோக்கிப் பார்த்து, புண்கள் ஆறினவா என்பதைக் கொண்டு நோயை முடிவு செய்வதுண்டு. அத்தகைய நோயாளி தமக்கு என்ன நோய் என்று அறியாமலேயே மருந்து உண்கிறார். மருந்து தருவதனாலேயே நோய் உறுதியாகிவிட்டதாக வீட்டார் கருதுகின்றனர். தட்டும் குவளையும் தனியாக வைக்கப்படுகின்றன. 'இது நோயைக் கண்டறியும் முறையின் ஒரு பகுதி. இன்ன தேதியில் மறுபடியும் பார்ப்போம்' என்ற ஒரு வாக்கியம் எழுத்தில் இருந்தால் அக்குடும்பத்தின் நடத்தையே மாறும்.

காத்திருத்தலைப் பற்றி ஆய்வறிஞர்கள் எழுதியவற்றில் இங்குப் பயன்படுவன சில. 1985இல் டேவிட் மைஸ்டர் என்னும் அமெரிக்க அறிஞர் வரிசையில் நிற்போரின் மனநிலையை ஆராய்ந்து, எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும், காரணம் சொல்லப்படாத காத்திருப்பும், தனியே காத்திருப்பதும் உள்ள காலத்தைவிட நீண்டதாகத் தோன்றும் என்றார். அவர் மனத்திற் கொண்டது உணவு விடுதிகளையும் விமான நிலையங்களையுமே. எனினும் மருத்துவமனை முகப்பில் நிற்பவருக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 2009இல் பாஸ்டன் நகரில் மார்பகத் திசு ஆய்வுக்கு உட்பட்ட 126 பெண்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் அழுத்தச் சுரப்பின் அளவை எலிவிரா லாங் குழுவினர் ஆராய்ந்து வெளியிட்டனர். ஐந்து நாட்கள் கடந்தும் முடிவு தெளிவாகாத பெண்களின் அளவு, புற்றுநோய் எனச் சொல்லப்பட்ட பெண்களின் அளவை ஒத்திருந்தது. தீங்கற்றது என்று அறிந்தவர்களின் அளவிலிருந்து வேறுபட்டது. அதாவது, உடலைப் பொறுத்தவரை, 'தெரியாது' என்பதும் 'ஆம்' என்பதும் ஏறக்குறைய ஒன்றே. ஆய்வு மார்பகத்தைப் பற்றியதாயினும், பெருங்குடலுக்காகக் காத்திருப்பவரின் அச்சம் வேறு வகையாக இருக்கும் என எண்ணக் காரணமில்லை.

கலிபோர்னியாவில் கேட் ஸ்வீனி என்னும் உளவியல் அறிஞர், வழக்கறிஞர் தேர்வு எழுதி நான்கு மாதம் முடிவுக்குக் காத்திருந்தோரைத் தொடர்ந்து கவனித்தார். கவலை தொடக்கத்திலும் முடிவு நெருங்கும் நாட்களிலும் மிகுந்து, இடையில் தணிந்திருந்தது. கவலையை அடக்க அவர்கள் கையாண்ட உத்திகள் பெரிதும் பயன்படவில்லை. மனம் முழுதும் தோயும் வேலையில் ஈடுபட்டவர்களே அந்நாட்களை ஓரளவு எளிதாகக் கடந்தனர் என்பது அவருடைய முடிவு. 'கவலைப்படாதீர்கள்' என்று சொல்லி அனுப்புவது மருத்துவமனைகளின் பழைய வழக்கம். செலவில்லாதது, பயனும் இல்லாதது. அதைவிட, 'நாளை முதல் வேலைக்குப் போகலாமா?' என்ற நோயாளியின் கேள்விக்குத் தெளிவாக விடையளிப்பதே மேல். மயக்க மருந்து பெற்ற நாளில் வாகனம் ஓட்டலாகாது. மறுநாள் பெரும்பாலோர் வழக்கமான வேலைக்குத் திரும்பலாம். பாலிப் அகற்றப்பட்டிருந்தால் கனமான சுமை தூக்குவதை எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவர் தனியே சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் மூட்டை தூக்குபவருக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

மயக்க மருந்து என்றதும் ஒரு முக்கியமான குறிப்பைச் சொல்ல வேண்டும். கொலனாஸ்கோப்பியின்போது பலருக்கு மிடசோலம் என்னும் மருந்து தரப்படுகிறது. அது அச்சத்தைத் தணிப்பதோடு, அதன் ஆற்றல் நீங்கும் வரை நிகழ்வனவற்றை நினைவில் பதியவிடாது. நோயாளி கண் விழித்துப் பேசுவார், தலையசைப்பார், நன்றியும் கூறுவார். மாலையில் ஒன்றும் நினைவிராது. மருத்துவர் கட்டிலருகே நின்று பொறுமையுடன் விளக்கிய அத்தனையும் இவ்வாறு மறைந்துபோகக் கூடும். மருத்துவர் சொன்னதாக நினைக்கிறார். நோயாளி எதுவும் சொல்லப்படவில்லை என்கிறார். இருவரும் உண்மையே பேசுகின்றனர். ஆகவே விளக்கம் மருந்தின் வேகம் தணிந்த பின், துணைக்கு வந்தவர் முன்னிலையில், எழுத்து வடிவிலும் தரப்பட வேண்டும். இதற்குப் புதிய கருவி ஏதும் வேண்டியதில்லை. மீட்பறையில் ஒரு நாற்காலியும் ஒரு தாளும் போதும்.

அத்தாளில் உடலைப் பற்றிய குறிப்பும் இருத்தல் வேண்டும். சோதனையின்போது குடலுள் செலுத்தப்பட்ட காற்றினால் வயிறு உப்புவதும், திசு எடுத்த இடத்திலிருந்து சிறிது இரத்தம் கசிவதும் இயல்பு. கடும் வயிற்று வலி, காய்ச்சல், கட்டியாகவோ மிகுதியாகவோ வெளிப்படும் இரத்தம் ஆகியவை அபாயக் குறிகள். உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். பாலிப் அகற்றப்பட்டவர்க்கு இரத்தக் கசிவு இரண்டு வாரம் வரை தாமதித்தும் தோன்றலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர் அதை எந்நாளில் மீண்டும் தொடங்க வேண்டும் என்பதும் எழுதப்பட வேண்டும். முதல் நாள் முழுவதும் பேதி மருந்து குடித்து வயிற்றைக் காலியாக்கிய ஒருவர், அச்சத்தினால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் உண்ணாதிருந்து தளர்வதுண்டு. பிறகு அத்தளர்ச்சியையே நோயின் அடையாளமாகக் கொள்கிறார். கஞ்சியும் மோரும் தொடங்கி விரைவில் வழக்கமான உணவுக்குத் திரும்பலாம் என்று சொன்னால் அந்த வீண் அச்சம் நீங்கும்.

குடும்பத்தின் பங்கு சிக்கலானது. இந்நாட்டில் அறிக்கையை வாங்கச் செல்பவர் பெரும்பாலும் மகனோ மருமகனோதான். தீய செய்தியாயின் நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டாம் என மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும் அன்பின் பாற்பட்டதே. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி 94 விழுக்காடு எழுத்தறிவு பெற்ற கேரளத்தில் உறையைப் பிரித்துப் படிக்கத் தெரியாத நோயாளி அரியவர். 'டிஸ்பிளேசியா' என்ற சொல்லைக் கண்டு, கைப்பேசியில் அதன் பொருளைத் தேடி, நள்ளிரவில் தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார். அமெரிக்காவில் 2021 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் சோதனை முடிவுகளை நோயாளிக்குத் தாமதமின்றித் திறந்துவிடச் செய்தன. மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே நோயாளி தனியே படித்துக் கலங்கும் நிலை அங்கும் எழுந்தது. முடிவை மறைப்பதும், விளக்குவார் இல்லாமல் கையில் கொடுப்பதும் இரு வேறு பிழைகள். 'முடிவை யாரிடம் சொல்ல வேண்டும்? உங்களிடமா, வேறு யாரேனும் உடனிருக்கையிலா?' என்று சோதனைக்கு முன்பே நோயாளியைக் கேட்டு எழுதிக்கொள்வது இரண்டையும் தவிர்க்கும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம், தம் நோயைப் பற்றிய விவரத்தையும் ஆய்வறிக்கைகளையும் பெறுவது நோயாளியின் உரிமை என்கிறது.

நிர்வாகத் துறையினர் கூர்ந்து நோக்க வேண்டிய பகுதி இனி வருவது. டென்மார்க் நாடு 2008இல் புற்றுநோய் ஐயம் எழுந்த நாளிலிருந்து ஒவ்வொரு கட்டத்திற்கும் நாட்கணக்கை வகுத்து, நோயாளியின் பயணத்தை அட்டவணைப்படுத்தியது. இங்கிலாந்தில் 2021இல், அவசரமாகப் பரிந்துரைக்கப்பட்ட நோயாளிக்கு 28 நாட்களுக்குள் புற்றுநோய் உண்டா இல்லையா என்பது தெரிவிக்கப்பட வேண்டும் என்ற அளவுகோல் வந்தது. தொடக்கத்தில் நான்கில் மூன்று பங்கினருக்கேனும் இது எட்ட வேண்டும் என்பது இலக்கு. இவ்வளவுகோலில் சிறப்பானது 28 என்னும் எண் அன்று. கடிகாரம் எங்கே நிற்கிறது என்பதே சிறப்பு. அறிக்கையில் வல்லுநர் கையொப்பமிடும்போது அது நிற்பதில்லை. நோயாளியின் காதில் செய்தி விழும்போதே நிற்கிறது. புற்றுநோய் இல்லை என்ற நல்ல செய்திக்கும் இதுவே விதி. இந்திய ஆய்வுக்கூடங்களின் பதிவேட்டில் மாதிரி வந்த நாளும் அறிக்கை முடிந்த நாளும் இருக்கின்றன. அறிக்கை மேசையின் இழுப்பறையில் கிடந்த நாட்கள் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. நல்ல செய்தி அவ்வாறு கிடப்பது ஒரு கொடுமை. புற்றுநோயோ காசநோயோ என்று எழுதப்பட்ட தாள், வாங்க வருவார் இன்றிக் கிடப்பது உயிருக்கே இடர்.

இச்செய்தியை வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்லும் ஆற்றல் கேரளத்திற்குப் புதிதன்று. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் வளர்ந்து, 2008இல் நாட்டிலேயே முதலாவதாக ஒரு மாநில அரசு வலி நிவாரணக் கொள்கையை வெளியிடும் நிலையை அடைந்தது. உள்ளாட்சி மன்றங்களின் துணையுடன் செவிலியர் வீடுதோறும் சென்று, தீரா நோயாளியின் புண்ணைக் கழுவி, குடும்பத்தாருடன் அமர்ந்து பேசுகின்றனர். நோய் உறுதியானவரின் வீட்டுக்குச் செல்லும் அச்செவிலியர், உறுதியாகும் முன் அதே தெருவில் விழித்துக் கிடப்பவரின் வீட்டுக்குச் செல்ல ஆணை ஏதும் இல்லை. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் கீழ் நடைபெறும் புற்றுநோய்க் கணிப்பு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுக்கு மட்டுமே. பெருங்குடல் அதில் இடம்பெறவில்லை. ஆகவே கொலனாஸ்கோப்பிக்குச் செல்பவர் தாமே நோய்க்குறி கண்டு, தாமே மருத்துவரை நாடிச் சென்றவர். எந்தக் களப்பணியாளரின் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.

சோதனை செய்யும் மருத்துவமனை, நோயாளியின் இசைவுடன், அவருடைய வட்டாரத்து நகர்ப்புறச் சுகாதார மையத்திற்கு ஒரு வரிச் செய்தி அனுப்பினால் இக்குறை பெரிதும் தீரும். அம்மையத்தின் செவிலியரோ ஆஷா பணியாளரோ மூன்றாம் நாள் ஒருமுறை தொலைபேசியில் விசாரிக்கலாம். குறித்த நாளில் முடிவு வராவிட்டால், 'இன்னும் வரவில்லை. இன்ன காரணம்' என்று தெரிவிக்கலாம். ஒரு செய்தியும் இல்லை என்ற செய்தியும் நோயாளிக்குத் தேவையானதே. உறக்கமின்மையோ பெருங்கலக்கமோ காணப்பட்டால் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணைத் தரலாம். பணியாளருக்குச் சுமை கூடும் என்ற மறுப்பு எழும், அது நியாயமானதே. ஆஷா பணியாளரின் தோளில் ஏற்கெனவே பல கணக்கேடுகள் உள்ளன. ஊக்கத்தொகை இல்லாமல் இன்னொன்றைச் சுமத்துவது முறையாகாது. ஆனால் விடை தேடி மீண்டும் மீண்டும் வரும் நோயாளிகளால் மருத்துவமனை முகப்பில் இன்று செலவாகும் நேரத்தையும் இக்கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரியைச் சூழ்ந்த பகுதியில் மலையாளத்துடன் கொங்கணி, குஜராத்தி, தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. கொச்சிக் கோட்டையின் வெளிப் பகுதியிலுள்ள சலவைத் துறையில் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் இதற்குச் சான்று. இவர்கள் மலையாளத்தில் வாங்குவர், விற்பர், வழக்காடுவர். அச்சத்தை மட்டும் வீட்டு மொழியிலேயே பேசுவர். அறிக்கையோ ஆங்கிலத்தில் வருகிறது. மீட்பறையில் தரப்படும் தாள் மலையாளத்தில் ஒரு பக்கமும், தேவைப்படுவோர்க்குத் தமிழிலோ கொங்கணியிலோ மறுபக்கமும் அச்சிடப்படலாம். அதில் நான்கு செய்திகள் இருந்தால் போதும்: இன்று கண்டது என்ன, எடுத்த துணுக்கு எங்கே போகிறது, முடிவு எந்தத் தேதியில் யாரால் சொல்லப்படும், அதற்குள் அழைக்க வேண்டிய எண் எது. ஆய்வுக்கூடப் பதிவேட்டில் 'அறிக்கை முடிந்த நாள்' என்ற கட்டத்திற்கு அடுத்து 'நோயாளிக்குத் தெரிவித்த நாள்' என்று இன்னொரு கட்டம் வரைய ஓர் அலுவலக ஆணையும் ஓர் அளவுகோலும் தேவைப்படும்.